இடுப்பும் விடுப்பும்

சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியன்று ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை, அம்பத்தூரின் ஏரிக்கரைகளையும் ஆவடியின் மேட்டு நிலங்களையும் ஊடறுத்துக்கொண்டு மேற்கே சென்று, திருவள்ளூரைக் கடந்து அரக்கோணத்தை அடைகிறது. அங்கிருந்து ஒரு பாதை நேரே காட்பாடிக்குப் போகிறது. பின்னாளில் போடப்பட்ட மற்றொரு பாதை வடக்கே திரும்பித் திருத்தணி, நகரி வழியாகப் புத்தூரைத் தொட்டு ரேணிகுண்டாவுக்குச் செல்கிறது. இடுப்பில் தொடங்கிப் புட்டத்தின் வழியே இறங்கித் தொடை, கெண்டைக்கால், பாதம் என்று சுண்டி இழுக்கும் வலியைப் பெற்ற மேற்குப் புறநகர்வாசிகளுக்கு இந்த இரண்டு பாதைகளும் வெகுகாலமாக இரண்டு வைத்திய மார்க்கங்களாகவும் இருந்து வந்திருக்கின்றன. காட்பாடியில் இறங்கினால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. புத்தூரில் இறங்கினால் எலும்புக்கட்டு வைத்தியர்களின் பச்சிலைக் கட்டு. ரயிலேற வேண்டாத மூன்றாவது மார்க்கம் ஒன்றும் உண்டு. அது வீட்டிலேயே பாயை விரித்துப் படுத்துக் கிடப்பது. பார்வைக்கு மிக எளிதாகத் தோன்றும் இந்த மூன்றாவது மார்க்கமே இப்பகுதி மக்களுக்கு நெடுங்காலம் எட்டாததாக இருந்தது என்பதும், எட்டிய சில பத்தாண்டுகளுக்குள் அது சிகிச்சையே அன்று என்று சாஸ்திரம் சொல்லிவிட்டது என்பதுமே இந்த வலியின் வரலாற்றில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுகின்றன.

வியாதி புதிதன்று. வாதத்தினால் மட்டுமே விளையும் ரோகங்கள் 80 என்று கணக்கிட்ட சரகர், இடுப்பிலிருந்து கால்வரை பரவும் இவ்வலியைக் கிருத்ரசி என்னும் பெயரால் அவற்றுள் சேர்த்தார். யூகி முனிவர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூலும் வாத ரோகங்களை 80 என்றே வகுக்கிறது. குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிச் செல்லும் நாண்களை வாதம் பீடித்து, காலைத் தூக்க இயலாமல் தடுத்துவிடுவதே இதன் லட்சணம் என்று எழுதிய சுசுருதர், முழங்காலுக்கு நான்கு அங்குலம் மேலோ கீழோ ரத்தம் வாங்குவதைச் சிகிச்சையாக விதித்தார். காலைத் தூக்க இயலாமை என்ற அந்த லட்சணத்தை வாசகர் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அது அம்பத்தூர்த் தொழிலாளி ஒருவனுடைய கூலி விவகாரத்தில் சாட்சியாக வந்து நிற்கப் போகிறது.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன்னால் இந்தப் பிரதேசம் ஏரிகளின் பிரதேசம். பூவிருந்தவல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கத்துப் பேரேரியும், வடக்கே அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளும், அவற்றின் கீழ் நஞ்சையும், நஞ்சை முடிந்த இடத்தில் செங்கற் சூளையுமாக இருந்த அந்நாளில், நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்டவளுக்கும், ஏற்றம் மிதித்தவனுக்கும், சூளைக்கு மண் சுமந்தவனுக்கும் இடுப்பு பிடித்துக்கொள்வது என்பது வியாதி என்ற கௌரவத்தைப் பெறாத ஒரு நித்திய சங்கதி. அதற்கென்று இருந்த பரிகாரங்களோ ஏராளம். நொச்சி, தழுதாழை, ஆமணக்கு இவற்றின் இலைகளை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து சூடு பொறுக்கும் பதத்தில் ஒற்றடம் கொடுத்தார்கள். உப்பையும் தவிட்டையும் வறுத்து முடிந்தும் கொடுத்தார்கள். வாயுதான் வந்து பிடித்துக்கொண்டது என்ற நிச்சயத்தோடு பூண்டையும் பெருங்காயத்தையும் முடக்கத்தான் ரசத்தையும் உள்ளுக்குத் தந்தார்கள். குப்புறப் படுக்கவைத்து முதுகின்மேல் உலக்கையை உருட்டினார்கள். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னே வந்து பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுப் போகும் என்பது தமிழ்நாட்டில் பரவலாக உள்ள நம்பிக்கை. அப்படிப் பிறந்தவர் ஊரில் ஒருவர் இருந்துவிட்டால் அவருக்கு அதனாலேயே ஒரு தனி மரியாதை. எதற்கும் அடங்காத வலிக்குச் சூடு போட்டார்கள். சித்த வைத்தியம் புற மருத்துவ முறைகளை 32 என்று எண்ணும்போது ஒற்றடம், பற்று, வேது, தொக்கணம் ஆகியவற்றோடு சுட்டிகை என்ற பெயரால் இந்தச் சூட்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

இவற்றுள் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை. இந்த வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியக்கூடியது ஆதலால், கடைசியில் செய்த வைத்தியம் எதுவாயினும் அதற்கே பெயர் கிடைத்திருக்கும்; உலக்கைக்கும் கிடைத்திருக்கும், மிதித்தவருக்கும் கிடைத்திருக்கும். நான் கவனிப்பது வேறொரு பொது லட்சணத்தை. சொன்ன பரிகாரங்கள் அனைத்தும் அந்தி சாய்ந்து வேலை முடிந்த பிறகு தொடங்கி, மறுநாள் கோழி கூவுவதற்குள் முடிந்துவிடக்கூடியவை. ஒரு நாளைக்கு வேலையை விட்டுவிடு என்று கேட்கும் பரிகாரம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அன்றன்றைய கூலியை அன்றன்று அளந்து வாங்கி உலையேற்றிய குடும்பங்களில் அப்படிக் கேட்கும் வைத்தியன் இரண்டாம் முறை அழைக்கப்பட்டிருக்க மாட்டான்.

படுத்திருக்கும் காலத்துக்கும் சம்பளம் பெற்றவர்கள் இப்பகுதியில் தோன்றியது பூவிருந்தவல்லியில்; ஆனால் அவர்கள் இவ்வூரார் அல்லர். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம் என்று வைணவர்கள் போற்றும் அவ்வூரைக் கும்பினியாரும் அவர்களுக்குப் பின் வந்த அரசாங்கத்தாரும் பட்டாளத்துத் தலமாக்கி, இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கிய சிப்பாய்களைத் தங்கவைக்கவும், நோயுற்ற ஐரோப்பியச் சிப்பாய்களை உடம்பு தேறும்வரை இருக்கவைக்கவும் பயன்படுத்தினார்கள். வாதப் பிடிப்பும் இடுப்பு வலியும் அக்காலப் பட்டாளங்களில் மிகச் சாதாரணமான உபாதைகள். அவற்றுக்கு வெள்ளைக்கார டாக்டர்கள் கையாண்ட முறைகளைப் பார்த்தால் நம்மூர்ச் சூட்டுக்கோலை அநாகரிகம் என்று ஏசுவதற்கு அவர்களுக்கு அதிக யோக்கியதை இருந்ததாகத் தெரியவில்லை. நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் தொமேனிக்கோ கொதுன்யோ 1764-இல் வெளியிட்ட நூலில், இந்த வலி இடுப்பு மூட்டைச் சேர்ந்ததன்று, காலுக்கு இறங்கும் நரம்பைச் சேர்ந்தது என்று முதன்முதலாகப் பிரித்துக் காட்டினார். அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் சிகிச்சை என்று வந்தபோது, நரம்பு தோலுக்கு அருகே வரும் இடங்களில் காரமான பற்றுப் போட்டுக் கொப்புளம் எழுப்பி நீரை வடிப்பதையே அவரும் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கொப்புளப் பற்று, அட்டை, கொம்பு வைத்து ரத்தம் உறிஞ்சுதல், அபினி, கற்பூரத் தைலம் இவையே மேனாட்டு முறையின் ஆயுதங்கள்.

அறிவுப் பரிமாற்றம் ஒரு வழியாக மட்டும் நடக்கவில்லை. சென்னை ராஜதானியின் பட்டாளத்து மருத்துவராக இருந்த வைட்லா ஐன்ஸ்லி, கடைத்தெருவில் கிடைக்கும் நாட்டு மருந்துகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து 1813-இல் சென்னையிலேயே நூலாக அச்சிட்டார். திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணிபுரிந்த முகைதீன் ஷெரீப் 1869-இல் இந்திய மருந்து நூலுக்கு ஒரு பெரும் அனுபந்தம் எழுதி, எந்தச் சரக்குக்கு எந்த மொழியில் எந்தப் பெயர் என்ற குழப்பத்தைத் தீர்த்து வைத்தார். ஆகவே பட்டாளத்துச் சிப்பாயும் சூளைக் கூலியாளும் பூசிக்கொண்ட தைலங்களுக்குள் வேற்றுமை நாம் எண்ணுகிற அளவுக்கு இருந்திராது. வேற்றுமை தைலத்தில் இல்லை. தைலம் பூசிக்கொண்ட பிறகு படுத்திருக்க ஒருவனுக்குக் கட்டிலும் சம்பளமும் இருந்தன, மற்றவனுக்கு அவை இல்லை. கப்பலேற்றிக் கொண்டுவந்து பழக்கிய சிப்பாய் செத்தாலும் முடமானாலும் செலவு சர்க்காருடையது என்பதால் அவனுடைய ஓய்வுக்கு ஒரு விலை இருந்தது.

இனி புத்தூருக்கு வருவோம். ராஜு என்னும் குலப்பெயர் தாங்கிய குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எலும்பு முறிவுக்குப் பச்சிலைக் கட்டுப் போட்டு வருகிறார்கள். வேட்டைக்குப் போன முன்னோர் ஒருவர், அடிபட்ட பிராணியை ஏதோ இலைகளில் சுற்றி வைத்தபோது முறிந்த எலும்பு கூடியிருக்கக் கண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. இத்தகைய கதை இல்லாத வைத்திய பரம்பரை உலகில் எங்குமே இல்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிடலாம். பச்சிலையை அரைத்துப் பூசி, முட்டையின் வெள்ளைக்கரு தோய்த்த துணி சுற்றி, மூங்கிற் சிம்பு வைத்து அசையாமல் கட்டுவது அவர்கள் முறை. எளிய முறிவுக்கு அசையாமை ஒன்றே பெரும் மருந்து என்பதை மேனாட்டு வைத்தியமும் ஒப்புக்கொள்ளும். திருவள்ளூர் ஜில்லாவும் சென்னையின் மேற்குப் பகுதியும் புத்தூருக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால், நாளடைவில் அந்த ஊரின் பெயரே ஒரு சிகிச்சையின் பெயராகி, பாடியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் நெடுஞ்சாலை ஓரங்களில் 'புத்தூர் கட்டு' என்ற பலகைகள் முளைத்தன. அவற்றுள் எத்தனை புத்தூரைக் கண்டவை என்று கேட்பது வீண். என்னுடைய குறை வேறு: முறிந்த எலும்புக்கு நியாயமாக விளங்கும் அசையாக் கட்டு, அந்தப் பலகைகளின் நிழலில் இடுப்பு வலிக்கும் கால் இழுப்புக்கும் கூடப் போடப்படுகிறது; வலி உணரப்படுவது கெண்டைக்காலில் என்றாலும் அது காலுக்கு இறங்கும் நரம்பைச் சேர்ந்தது என்ற கொதுன்யோவின் பாடம் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை.

சென்னை சர்க்கார் 1921-இல் முகம்மது உஸ்மான் தலைமையில் அமைத்த நாட்டு வைத்தியக் குழு 1923-இல் அறிக்கை தந்ததும், அதன் பயனாகச் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பிக்கும் பள்ளி கேப்டன் சீனிவாசமூர்த்தியின் தலைமையில் தோன்றியதும் தனியே எழுதத் தக்கவை. 1893-இல் பம்பாயில் காசிநாதுனி நாகேசுவரராவ் தொடங்கி 1914-இல் சென்னைக்குக் கொண்டுவந்த அமிருதாஞ்சனம், பாட்டி செய்த ஒற்றடத்தின் உத்தியோகத்தில் பாதியைத் தன் மஞ்சள் டப்பிக்குள் அடக்கிக்கொண்டது என்பதையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

1934-ஆம் வருஷம் இவ்வரலாற்றில் ஒரு மைல் கல். அவ்வருஷம் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு கிழிந்து பிதுங்கி நரம்பை நெருக்குவதே கால்வரை இறங்கும் வலிக்குக் காரணமாகிறது என்று எழுதினார்கள். பனங்காயின் குழிக்குள் நுங்கு இருப்பதுபோல அந்த வட்டின் நார் வளையத்துக்குள் கொழகொழப்பான ஒரு பொருள் இருக்கிறது. வளையத்தின் பின்னோரம் கிழிந்தால் அப்பொருள் பிதுங்கிக்கொண்டு அருகில் செல்லும் நரம்பின் வேரில் போய் முட்டுகிறது. இன்று ஆவடிப் பேருந்து நிலையத்தில் நின்று கேட்டால் யாரும் 'ஜவ்வு விலகிடுச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும் இந்த விஷயம் உலகத்துக்குத் தெரிந்து இன்னும் நூறு வருஷம் ஆகவில்லை. அதே 1934-இல்தான் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையமும் தோன்றியது. ஆனால் எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியுமேயன்றி வட்டு தெரியாது. நோயாளிக்குப் படம் எடுத்து, 'எலும்பு நன்றாக இருக்கிறது' என்று சொல்லி அனுப்பும் வழக்கமும், அதைக் கேட்டு வீட்டார் அவனைச் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கமும் அப்போது தொடங்கியிருக்க வேண்டும்.

நரம்பு அறுவை மருத்துவம் தமிழ்நாட்டுக்கு அதிகத் தாமதமின்றி வந்தது. ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு வருஷமே பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். அம்பத்தூர்க்காரனுக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு வாசல் திறந்தன. வேலூரில் வேறொன்றும் நடந்தது. 1954-இல் விபத்தொன்றில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைகள் செய்து, பிறகு நியூயார்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று, 1960-களில் வேலூரில் அந்தத் துறையை நிறுவினார். முதுகெலும்பு கெட்டவனைக் கட்டிலில் கிடத்திப் பாதுகாப்பதற்குப் பதிலாக எழுப்பி உட்காரவைத்து வேலைக்குத் திருப்புவதே வைத்தியம் என்ற கொள்கை அவருடைய சரீரத்தினாலேயே நிரூபணமாயிற்று. ஆயினும் அந்தக் கொள்கை சாதாரண இடுப்பு வலிக்காரனை வந்து சேரப் பின்னும் முப்பது வருஷம் பிடித்தது.

ஏனென்றால் அந்த முப்பது வருஷமும் கட்டிலின் பொற்காலம். வட்டு பிதுங்கியிருக்கிறது, படுத்தால் அதன்மேல் பாரம் குறைகிறது, ஆகவே படுத்திருந்தால் அது உள்ளே போய்விடும் என்ற தர்க்கம் கேட்க மிக நேர்த்தியாக இருந்தது. மெத்தையை எடுத்துவிட்டுப் பலகைமேல் படுக்கை, இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை. கழிப்பறைக்கு மட்டும் எழுந்திருக்கலாம். வசதியுள்ள ஆஸ்பத்திரியில் இடுப்பில் பட்டை கட்டிக் கட்டிலின் கால்மாட்டில் எடை தொங்கவிட்டு இழுவையும் வைப்பார்கள். உலகெங்கும் இதுவே பாடம்.

இந்தப் பாடம் மேற்குச் சென்னைக்கு வந்த காலமும் தொழிற்சாலைகள் வந்த காலமும் ஒன்றாக அமைந்தன. 1949-இல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி நிறுவப்பட்டு அம்பத்தூரில் ஆலை எழுப்பியது. 1950-களின் இறுதியில் டன்லப் டயர்த் தொழிற்சாலை வந்தது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தீர்மானித்த ஆவடியில், 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றி 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்டது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகளும், 1960-களின் நடுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தபின், ஏற்றம் மிதித்தவனுடைய மகன் கடைசல் இயந்திரத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நின்றான். சூளைக்கு மண் சுமந்தவனுடைய மகன் டயரைத் தூக்கினான், அல்லது டாங்கியின் வயிற்றுக்குள் குனிந்து பற்றவைத்தான். இடுப்புக்கு இதனால் பெரிய விமோசனம் கிடைத்துவிடவில்லை. கிடைத்தது விடுப்பு.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948-இல் நிறைவேறி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் அமலாகி, 1955-இல் கோயம்புத்தூர் வாயிலாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தது. எல்லோரும் இ.எஸ்.ஐ. என்றே வழங்கும் இத்திட்டத்தின்படி, நோயுற்ற தொழிலாளி டிஸ்பென்சரி டாக்டரிடம் சான்றிதழ் பெற்றால், முதல் இரண்டு நாள் நீங்கலாக, ஏறக்குறையப் பாதிக் கூலியை வீட்டில் படுத்தபடியே பெறலாம். தொடக்கத்தில் வருஷத்துக்கு 56 நாள், பின்னாளில் 91 நாள். விகிதமும் இப்போது 70 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. நீண்ட நாள் வியாதிகள் 34-ஐப் பட்டியலிட்டு, உரிய காலம் சந்தா கட்டியவருக்கு அவ்வியாதிகளில் 80 சதவீதக் கூலியை இரண்டு வருஷம் வரைகூட நீட்டிக்கிறார்கள். க்ஷயம், தொழுநோய், புற்றுநோய் இவற்றின் வரிசையில் முள்ளெலும்பு வட்டு விலகலும் அப்பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. பூவிருந்தவல்லிக் கோட்டைச் சிப்பாய்க்கு மட்டும் கிட்டியிருந்த பாக்கியம், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அதே நிலத்தின் குடியானவன் பேரனுக்குக் கிட்டியது. இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. பாட்டனுக்கு வாயுப்பிடிப்பாக இருந்தது பேரனுக்கு ரோகம் என்று எழுத்தில் ஏறியது இந்தச் சான்றிதழினால்தான்.

ஆனால் காசு கொடுப்பவன் அத்தாட்சி கேட்பான். மருத்துவம் பார்ப்பது மாநில சர்க்காரின் டிஸ்பென்சரி. பணம் கொடுப்பது ஈட்டுறுதிக் கழகத்தின் கிளை அலுவலகம். ஒன்றில் வாங்கிய சான்றிதழை மற்றொன்றில் சேர்ப்பித்தாக வேண்டும் என்பதால், படுத்திருப்பதற்கான பணத்தைப் பெற இடுப்பு வலிக்காரன் நடந்தே தீரவேண்டியிருந்தது. வலியோ கண்ணுக்குத் தெரியாதது, காய்ச்சலைப்போல் மானியில் ஏறுவதில்லை, எக்ஸ்ரேயிலும் இல்லை. அப்போது டாக்டருக்குக் கைகொடுத்த பரீட்சை, நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்கால் மடங்காமல் காலை உயர்த்திப் பார்ப்பது. பாரிஸ் மருத்துவர் லாசேக்கின் பெயரால் வழங்கும் இதை அவருடைய மாணவர் ஃபார்ஸ்ட் 1881-இல் எழுதி வைத்தார். அதற்கு முந்திய வருஷமே பெல்கிரேடு நகரத்து லாசரேவிச்சும் எழுதியிருந்தார். லட்சணமாக அதைச் சுசுருதர் சொல்லியிருந்ததை முன்பே பார்த்தோம். நரம்பின் வேர் நெருக்குண்டிருந்தால், கால் பாதி உயரம் வருவதற்குள் தொடையின் பின்புறம் முதல் பாதம்வரை வலி பாய்ந்து நோயாளி அலறுவான். நடிக்கத் தெரிந்தவனும் அலறுவான் என்பதால் டாக்டர்கள் ஒரு சூட்சுமம் வைத்திருந்தார்கள்: மேஜை விளிம்பில் உட்காரவைத்து, பாதத்தைப் பார்ப்பதாகச் சொல்லி முழங்காலை நீட்டச் செய்வார்கள், படுக்கையில் அலறியவன் இங்கே சும்மா இருந்துவிட்டால் சான்றிதழ் அதோடு சரி. நோயறியக் கண்டுபிடித்த பரீட்சை இப்படிப் பொய்யறியும் பரீட்சையும் ஆயிற்று. நியாயமான வலியோடு வந்து, வரிசையில் நின்ற களைப்பிலும் பயத்திலும் தவறான இடத்தில் அலறியவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா!

கட்டிலுக்குக் கேடு காலம் வந்த கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர் படுக்கையில் கிடப்பதன் அபாயங்களைப் பற்றி 1947-லேயே எழுதியிருந்தார். யாரும் அதிகம் பொருட்படுத்தவில்லை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார், நெரிசலான வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளும், சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்ததை 1959-இல் வெளியிட்டபோது, ஓய்வே மருந்து என்ற நம்பிக்கை அதன் சொந்தக் கோட்டையிலேயே தகர்ந்தது. முதுகெலும்பைத் தாக்கும் க்ஷயத்துக்கும் நெடும் படுக்கை வேண்டாம், மருந்தே போதும் என்பது கொரியாவில் செய்த பரிசோதனையில் தெளிவாயிற்று. எழுந்து நடமாடியபடியே எடுத்துக்கொள்ளும் குறுகிய கால மருந்து முறையைச் சென்னை நிலையத்தார் 1970-களில் பரிசோதிக்கத் தொடங்கினார்கள்.

இடுப்பு வலியின் முறை 1986-இல் வந்தது. டெக்ஸாஸில் ரிச்சர்ட் டேயோவும் கூட்டாளிகளும் 203 நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராருக்கு இரண்டு நாளும் மற்றவர்களுக்கு ஏழு நாளும் படுக்கை விதித்தார்கள். குணத்தில் பேதம் இல்லை, இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்கு வராத நாட்கள்தாம் 45 சதவீதம் குறைவு. கால்வரை இறங்கும் வலிக்காவது படுக்கை பயன்படுமா என்று நெதர்லாந்தில் 183 பேரிடம் சோதித்து 1999-இல் வெளியிட்டார்கள், அதற்கும் பயன்படவில்லை. இதற்கிடையில் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் வந்து வட்டைக் கண்ணெதிரே காட்டிற்று. ஆனால் 1994-இல் வலியே இல்லாத 98 பேரைப் படம் பிடித்துப் பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதேனும் ஒரு வட்டு புடைத்தே இருந்தது. 'ஜவ்வு விலகல்' என்று எழுதிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்வது அந்த அறிக்கையைவிட உபகாரமானது என்பது என் அபிப்பிராயம்.

அறுவையின் மதிப்பும் அளந்து பார்க்கப்பட்டது. நார்வே நாட்டு வெபர் 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறுவை செய்துகொண்டவர்கள் முதல் வருஷத்தில் தெளிவாக முந்தியிருந்தார்கள். நான்கு வருஷத்தில் அந்த வித்தியாசம் மங்கி, பத்து வருஷத்தில் இருந்த இடம் தெரியவில்லை. 2007-இல் நெதர்லாந்துக்காரர்களும், சீக்கிரம் அறுத்தால் வலி சீக்கிரம் போகிறது, ஒரு வருஷ முடிவில் இரு சாராரும் ஒன்றே என்றார்கள். ஆகவே பொறுக்க முடிந்தவன் பொறுக்கலாம், முடியாதவன் அறுத்துக்கொள்ளலாம் என்ற தேர்வு நோயாளியின் கைக்கு வந்தது. ஒரு நிலைமைக்கு மட்டும் இந்தத் தேர்வு கிடையாது: உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் கழிந்தாலோ, பாதம் நாளுக்கு நாள் வலுவிழந்து தொங்கினாலோ, தைலத்துக்கும் கட்டுக்கும் நேரம் இல்லை, அன்றைக்கே நரம்பு அறுவை மருத்துவரிடம் போகவேண்டும். நரம்பு வலிக்கென்று தாராளமாக எழுதித் தரப்படும் பிரிகாபலின் மாத்திரை, இந்தக் கால் வலியில் வெறும் மாவு மாத்திரையை மிஞ்சவில்லை என்று 2017-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆராய்ச்சி கூறியது. கடைசியாக, உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று 2023 டிசம்பரில் வெளியிட்ட முதல் நெறிமுறையில், தேகப்பயிற்சியையும், நோயைப் பற்றி விளக்கிச் சொல்வதையும், அளவோடு வலிநிவாரணியையும் ஏற்றுக்கொண்டு, இடுப்புப் பட்டை, இழுவை, அபினி வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகத் தரவேண்டாம் என்றது. அம்பத்தூர் மருந்துக்கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் அந்தப் பட்டைகள் இன்றும் முதல் வரிசையிலேயே தொங்குகின்றன.

எனவே மருத்துவர் இன்று சொல்லும் மருந்து, முடிந்த அளவு நடமாடு, இலேசான வேலையாகப் பார்த்துக்கொண்டே படிப்படியாகப் பழைய வேலைக்குத் திரும்பு என்பது. தொழிற்பேட்டையின் பழைய ஆலைகளில் இதற்கு 'லைட் டியூட்டி' என்று ஒரு வழக்கம் இருந்தது: இடுப்பு பிடித்தவனைச் சில வாரம் கருவி அறையிலோ சோதனை மேஜையிலோ உட்காரவைப்பார்கள். அது சட்டத்தில் எழுதிய உரிமையன்று. மேஸ்திரியின் தயவும் சங்கத்தின் பலமும் சேர்ந்து கொடுத்தது. ஈட்டுறுதிச் சட்டமோ கட்டிலின் பொற்காலத்துக்குச் சற்று முன்னே பிறந்தது ஆகையால், அதன் சான்றிதழ்களுக்கு இரண்டே நிலைகள் தெரியும்: வேலைக்குத் தகுதியற்றவன், தகுதியுள்ளவன். வேலை பார்த்துக் கூலி வாங்கிய நாளுக்கு நோய்க்காலப் பணம் கிடையாது. அரை நாள் நின்று வேலை செய்து அரை நாள் நடந்து பழகும் தொழிலாளிக்கு அதில் ஒரு கட்டம் இல்லை. மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளக்காரரையே சேர்த்துக்கொள்ளும் அத்திட்டத்துக்குள், ஒப்பந்தக்காரர் மூலம் வந்து சில மாதங்களில் மாறிப்போகிறவர்கள் வந்தாலும், வட்டு விலகலுக்கான நீண்ட காலப் பணத்துக்கு வேண்டிய இரண்டு வருஷத் தொடர்ச்சி அவர்களுக்குப் பெரும்பாலும் சேருவதில்லை. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் உணவுப் பொட்டலம் சுமந்து இரு சக்கர வண்டியில் பறக்கும் இளைஞர்களில் பலர் அதன் எல்லைக்குள்ளேயே வரவில்லை. அவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் செய்துகொள்ளும் வைத்தியம், இரவு பத்து மணிக்கு மேல் வண்டியை நிறுத்திவிட்டு வந்து தைலம் தேய்த்து ஒற்றடம் கொடுத்துக்கொள்வதாகவும், விடியற்காலைக்குள் முடிந்துவிடுவதாகவுமே இருக்கிறது.